மூன்றரைச் சுற்று மூடிய வால்வு

தம்பி,

வியாழக்கிழமை நீ போனில் கேட்டபோது "சரிப்பா, வரேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். உளுந்தூர்பேட்டையில் நீ கட்டுகிற வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்துவிட்டது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் தண்ணீர் லைனை நான் ஒருமுறை வந்து பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதானே நீ கேட்டது? "நம்ம வூட்டு ஃப்ளஷ் டேங்க் மாதிரி ஆயிடக் கூடாதுப்பா. காலமெல்லாம் தண்ணியோட பொழங்குன ஆளு நீங்க. நீங்க ஒரு தபா பாத்துட்டா எனக்கு வேற யாரும் வேணாம்" என்றாய். நம்பிக் கேட்ட பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் வருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். இதைப் போனில் பேச முடியாது. நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நின்றுபோகும். நம் இருவருக்குமே அந்த வியாதி உண்டு. அதனால் எழுதுகிறேன். முழுக்கப் படி. படித்து முடித்ததும் உன் மனைவியிடம் கொடு.

நம் வீட்டு ஃப்ளஷ் டேங்கில் எந்தக் கோளாறும் கிடையாது. என்றைக்குமே இருந்ததில்லை. முக்கால் மணி நேரம் ஆனாலும் நிரம்பவில்லை என்று நீ தலையில் அடித்துக்கொண்டாயே, மிதவையை மாற்றினாயே, உள்ளே இருக்கிற சல்லடையைக் கழற்றி எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து உப்பைச் சுரண்டினாயே, மாடித் தொட்டியை இரண்டு அடி உயர்த்திக் கட்டினாயே, எல்லாம் வீண் வேலை. சுவரிலிருந்து டேங்குக்குப் போகிற குழாயில் ஒரு சின்னத் திருகு இருக்கிறதே, ஆங்கிள் வால்வு, அதை மூன்றரைச் சுற்று மூடி வைத்திருந்தது நான். முழுக்கத் திறந்தால் நாலு சுற்று. மீதி அரைச் சுற்றில் நூல் மாதிரி வந்த தண்ணீருக்காகத்தான் நீங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றீர்கள்.

ஏன் அரைச் சுற்றை விட்டேன், ஒரேயடியாக மூடியிருக்கலாமே என்று கேட்பாய். அது என் தொழில் எனக்குக் கொடுத்த புத்தி. நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு நான் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், காலனிக்குப் போகிற லைனுக்கும் ஊர்த் தெருக்களுக்குப் போகிற லைனுக்கும் தனித்தனி வால்வு. கோடையில் ஊருக்கே போதாது. அப்போது இருந்த பஞ்சாயத்துத் தலைவர் என்னைத் தொட்டியடிக்குக் கூட்டிப்போய் மெதுவாகச் சொன்னார்: "காலனி வால்வ முழுசா மூடிடாத. மூடினா கும்பலா சண்டைக்கு வந்துடுவாங்க. கொஞ்சமா வுடு. சொட்டு சொட்டா வந்துக்கினு இருந்தா பைப்பத்தான் திட்டுவாங்க, உன்ன திட்ட மாட்டாங்க." எவ்வளவு பெரிய படிப்பு பார்! வேலை போய்விடுமோ என்ற பயத்தில் செய்தேன் என்று வெகுநாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பயம் முதல் கோடைக்குத்தான். அதற்கப்புறம் பழக்கம்.

ஒரு சித்திரையில் காலனிப் பெண்கள் அஞ்சாறு பேர் காலிக் குடத்தோடு வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. "அண்ணே, பைப்புல எங்கியோ அடைப்பு போலக்கீது. நீ ஒரு எட்டு வந்து பாருண்ணே" என்று முன்னால் நின்ற ஒருத்தி கெஞ்சினாள். நானும் போனேன். அவர்களே கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்து நாலு இடத்தில் தோண்டினார்கள். உச்சி வெயிலில் நானும் கூடவே நின்று, இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று காட்டிக்கொண்டிருந்தேன். அடைப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் பையில் வால்வு திருப்புகிற சாவி இருந்தது. அந்தப் பெண் போகும்போது எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன். இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். நீ வெள்ளிமலையில் வேலை பார்த்தபோது அந்த மலை ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று வந்து நின்றாய். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? உறவுக்காரர்களெல்லாம் "உங்கப்பா தங்கமானவருடா" என்றார்கள். தங்கம்! எதிர்த்தால் நீ போய்விடுவாய் என்று தெரியும், அதனால் மூடிக்கொண்டிருந்தேன். உள்ளே புகைந்துகொண்டேதான் இருந்தது. கச்சிராயபாளையம் சந்தைக்குக் கடுக்காய் சுமந்துவந்த ஜனத்தில் போய்ப் பெண் எடுத்தானே என்று நினைத்தேன். கல்யாணம் முடிந்த அடுத்த மாதம், அம்மாவுக்கு முட்டி மடக்க முடியவில்லை என்று வீட்டுக்குள்ளேயே உட்காரும் கக்கூஸ் கட்டினாய். நல்ல காரியம்தான். அதற்கும் ஆமாம் போட்டேன்.

டேங்க் நிரம்புகிற சத்தம் என் கட்டில் வரைக்கும் கேட்கும். உன் அம்மா போனால் அது எனக்குக் கேட்காது. நீ போனாலும் கேட்காது. உன் மனைவி போய்விட்டு வந்தால் மட்டும் காதுக்குள்ளேயே தண்ணீர் ஊற்றுவது போல இருக்கும். "ஓடையில பொழங்குனவளுக்கு அளவு தெரியுமா? ஒண்ணுக்குப் போனாகூட டேங்க் பூரா தொறந்து வுடறா" என்று உன் அம்மாவிடம் முணுமுணுத்தேன். அவள் ஊரில் ஓடையெல்லாம் எட்டாத தூரம், சுனைக்கு இறங்கி ஏறித் தலையில் சுமந்துவந்து வளர்ந்தவள் அவள் என்று பின்னால் அவள் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நான் வால்வைத் திறக்கவில்லை. தண்ணீர் வீணாகிறது என்பது சாக்குதானே! என் வீட்டில் அவள் கேட்டதும் வருகிற தண்ணீராக எதுவும் இருக்கக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நீ பிளம்பரைக் கூட்டிவந்தாய். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நான் பாத்ரூமுக்குப் போய் வால்வை முழுக்கத் திறந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். "நல்லாத்தான் வருது சார்" என்று அவன் போய்விட்டான். அவன் போன பிறகு மறுபடியும் மூன்றரைச் சுற்று. மூன்று தடவை இப்படி நடந்தது. மூன்றாவது தடவை நீ அவனோடு சண்டை போட்டாய். "வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு" என்று கத்தினாய். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு உன் பக்கத்திலேயே நின்றேன்.

ஒன்று சொல்லட்டுமா? கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொண்டாலும் கவலை இல்லை. நீ மேலே இருக்கிறதை எல்லாம் கழற்றிப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை, பிளம்பர் இல்லாத ஒரு நாளில், டேங்குக்குப் பின்னால் கையை விட்டுத் திருகைத் தொட்டுப் பார்க்கவில்லை. அப்பா காட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். காலனிக்காரர்கள் நான் காட்டின இடத்தில் தோண்டின மாதிரி.

உன் மனைவி பார்த்துவிட்டாள். ஒரு நாள் காலையில் திருகு முழுக்கத் திறந்திருந்தது. நான் மூடினேன். மறுநாள் திறந்திருந்தது. மூடினேன். பத்து நாளைக்கு மேல் இப்படி நடந்தது. வீட்டில் பேச்சு எல்லாம் சாதாரணம், "மாமா, காப்பி", "மாமா, சாப்பிட வாங்க". திருகு மட்டும் அவள் திறப்பதும் நான் மூடுவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் நான் குனிந்து மூடிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறேன், வாசற்படியில் நிற்கிறாள். கத்துவாள், உன்னைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். "மாமா, துண்டு கீழ நனையுது பாருங்க" என்றாள். போய்விட்டாள். அன்றைக்கு அப்புறம் அவள் அந்தத் திருகைத் தொடவே இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன் தம்பி. வெட்கம் கெட்டவன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் நீ அவளைத் திட்ட ஆரம்பித்தாய். "டேங்கு நெரம்பலன்னா பக்கெட்டுல மொண்டு ஊத்தேன், நீ இன்னா மகாராணியா? எத்தினி தபாதான் நானும் ஆளக் கூட்டியாந்து பாக்கறது?" என்று கூடத்தில் வைத்துக் கேட்டாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவள் சொல்லியிருந்தால் ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. நான் பேப்பரைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். பக்கெட்டைத் தூக்கக் கூடாது, காத்துக்கொண்டு நிற்கவும் முடியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டாள். குடித்தால்தானே போக வேண்டும்? ஏழாம் மாதம் சிறுநீரில் ரத்தமும் குளிர்க்காய்ச்சலுமாக அவளைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா எல்லோருக்கும் முன்னால் கேட்டார்கள்: "ஏம்மா, வீட்ல தண்ணியே இல்லையா உங்களுக்கு?" நீ என்னைக் காட்டி, "இல்லங்க மேடம், எங்கப்பா ஊருக்கே தண்ணி வுட்டவரு" என்றாய். அதைப் பெருமையாகச் சொன்னாய். நான் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டேன். குழந்தை மாதம் முடியாமலே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, நல்லபடியாகப் பிழைத்து வந்தது. அது பிழைத்ததால்தான் இன்றைக்கு உனக்குக் கடிதம் எழுத எனக்குக் கை இருக்கிறது. பிறகு வேலை மாற்றல் என்று சொல்லி நீங்கள் மூவரும் உளுந்தூர்பேட்டைக்குப் போய்விட்டீர்கள். மாற்றலை நீயே கேட்டு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் போன அன்றே திறந்துவிட்டிருக்கலாம் இல்லையா? அங்கேதான் என் புத்தியைப் பார். மருமகள் போன மறுநாளே டேங்க் தானாக நிரம்பினால் உன் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். அதனால் திறக்கவில்லை. ஒன்றரை வருஷமாக, முட்டி மடங்காத மனுஷி, அரை பக்கெட் தண்ணீரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோனாள். யாருக்காக அந்தக் கக்கூஸ் கட்டினாயோ அவளுக்கே அந்தக் கதி. "ஒரு ஆள இட்டாந்து காட்டுங்களேன்" என்பாள். "உப்புத் தண்ணிக்கு அப்படித்தான் இருக்கும்" என்பேன். எனக்கே அது உண்மை போலத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

வியாழக்கிழமை உன் போன் வந்ததும் முடிவு செய்தேன். உன் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சத்தமில்லாமல் இதைத் திறந்துவிட்டு, உன் அம்மாவிடம் "அடைப்ப எடுத்துட்டேன்" என்று சொல்லிவிடலாம். எழுதுகிறபோதே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் போய்த் திருகினேன். அசையவில்லை. நம் போர்த் தண்ணீர் உப்பு ஒன்றரை வருஷத்தில் அதைக் கல்லாக்கி இருந்தது. பைப் ரெஞ்ச் போட்டு ஒரு அழுத்து அழுத்தினேன். வால்வு கழுத்தோடு முறிந்து கையில் வந்துவிட்டது. மாடித் தொட்டித் தண்ணீர் மொத்தமும் என் மூஞ்சியில். கட்டைவிரலை ஓட்டையில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஏய், மேல வால்வ மூட ஆளக் கூப்புடு!" என்று கத்தினேன்.

உன் அம்மா மெதுவாக வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து பாத்ரூம் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். ஆளைக் கூப்பிடவில்லை. நான் தொப்பலாக நனைந்து, விரலை எடுக்க முடியாமல் குனிந்து நிற்கிறேன். "இன்னா வேடிக்க பாக்கற, போ!" என்றேன்.

"எத்தினி சுத்து?" என்று கேட்டாள்.

நான் விரலை இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"பாத்ரூம் கழுவறவ நானு. எந்தத் திருகு எந்தப் பக்கம் கீதுன்னு எனக்குத் தெரியாதாங்க?" என்றாள். "அந்தப் பொண்ணு எங்கிட்ட வந்து சொன்னா. அத்தே, மாமா தண்ணித் திருகுல கைய வெக்கறாரு, நான் உங்க புள்ளகிட்ட சொல்லிடவான்னு கேட்டா. நாந்தான் அவ கையப் புடிச்சிக்கினு, சொல்லிடாத கண்ணு, அப்பனும் புள்ளையும் வெட்டிக்குவாங்கன்னு கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருக்கறப்பகூட அவ வாயத் தொறக்கல. நீங்க தண்ணிய மூடினீங்க, நான் அவ வாய மூடினேன்."

"அப்ப நீயாவது தொறந்திருக்கலாம் இல்ல?" என்று கேட்டேன். அந்த நிலைமையிலும் பழியை யார்மேல் போடலாம் என்று தேடுகிறவன் உன் அப்பன்.

"அவங்க போன பின்னாடி நீங்களே தொறப்பீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். என் முட்டியப் பாத்தாவது தொறப்பீங்கன்னு பாத்தேன்" என்றாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. நாற்பது வருஷம் என்னோடு குடித்தனம் செய்தவள், யாரோ ஒரு ஆளிடம் பேசுகிற மாதிரி பேசினாள். அப்புறம்தான் எழுந்து போய்ப் பக்கத்து வீட்டு மருமகளைக் கூப்பிட்டு மாடியில் மூடச் சொன்னாள். விரல் மரத்துப்போய்விட்டது. இன்னும் பேனா சரியாகப் பிடிக்க வரவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மத்தியானம் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி போய்ப் புது வால்வு வாங்கிவந்து நானே மாட்டினேன். பத்து நிமிஷ வேலை. திறந்துவிட்டேன். டேங்க் ஒன்றரை நிமிஷத்தில் நிரம்பியது. உன் அம்மா வந்து பொத்தானை அழுத்தினாள். நிரம்பும்வரை நின்றாள். மறுபடியும் அழுத்தினாள். மூன்றாவது தடவையும் அழுத்தினாள். தண்ணீர் வீண் என்று என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். அவள் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்குக் கிடையாது. இருந்தாலும் ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். வியாழக்கிழமை நீ என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவள் பின்னால் ஏதோ கேட்டாள். "சும்மா இரு, அப்பாகிட்ட பேசிக்கினு இருக்கேன் இல்ல" என்று அவள்மேல் எரிந்து விழுந்தாய். அது என் குரல். நீ அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, நானும்தான் எதுவும் செய்யவில்லை! நம் மாதிரி ஆட்கள் எதையும் முழுக்க மூடுவதில்லை. சிரிப்பு, பேச்சு, மரியாதை எல்லாவற்றையும் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இருப்போம். எதிரில் இருக்கிறவர்கள் தங்கள்மேல்தான் ஏதோ கோளாறு என்று தோண்டிக்கொண்டே இருப்பார்கள். என்னிடமிருந்து உனக்கு வந்த சொத்து அதுவாக இருந்தால், இப்போதே தூக்கி எறி.

என்னை மன்னித்துவிடு என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை. நீ மன்னிப்பாய். பிள்ளைகள் அப்பனை மன்னித்துவிடுவார்கள், நாலு பேர் பாராட்டுவார்கள், விஷயம் அதோடு முடிந்துபோகும். அது எனக்கு வேண்டாம். நான் உன் வீட்டு வாசற்படி ஏறலாமா என்று நீ முடிவு செய்யாதே. அது உன் மனைவி சின்னப்பொண்ணுவின் வீடு. அவள் படித்துவிட்டு வரச் சொன்னால் வருகிறேன். வேண்டாம் என்றால் உன் அம்மாவை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன், வந்து கூட்டிப்போ. ஏன் வேண்டாம் என்றாள் என்று உன் மனைவியிடம் கேட்காதே.

நான் வராவிட்டாலும் உன் வேலை நிற்க வேண்டாம். குழாய் எல்லாம் சரியாகத்தான் போட்டிருப்பார்கள். டைல்ஸ் ஒட்டி, டேங்க் மாட்டி முடிந்ததும், ஆங்கிள் வால்வை மட்டும் நீ திறக்காதே, பிளம்பரும் திறக்க வேண்டாம். அவளைத் திறக்கச் சொல். எத்தனை சுற்று என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா